ஆண்டாயி சிஸ்டர் கையில் கொடுத்த கட்டுரை

அரியலூர்ப் பக்கத்தில் பிள்ளை பெற்ற பாதிப் பேருக்கு ஆண்டாயி சிஸ்டரின் குரல் தெரியும். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்த மறுநாள் காலையில் வார்டு வாசலில் நின்றபடியே கேட்பாள்.

"மூணாம் கட்டிலு, காத்து போச்சா?"

மூன்றாம் கட்டிலில் கிடப்பது புது மருமகள். சுற்றிலும் மாமியார், நாத்தனார், காப்பி பிளாஸ்க்கோடு வந்து நிற்கிற கொழுந்தன். அந்தப் பெண் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்ளும். ஆண்டாயி விடுவாளா?

"வெக்கப்பட்டா வயிறு தெறக்குமாடி? போச்சா, போவலையா?"

வயிற்றை அறுத்தால் குடல் கொஞ்ச நேரம் தூங்கிப் போகும். அது கண் விழித்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவதுதான். அதன் பிறகுதான் அந்த ஆஸ்பத்திரியில் கஞ்சி. போர்வைக்குள்ளிருந்து தலை ஆடினால் வார்டே பெருமூச்சு விடும். கொழுந்தன் பிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே ஓடுவான்.

இந்த ஆண்டாயி ஒரு தடவை பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு சங்கதியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். வாய் எதையாவது மென்றுகொண்டிருந்தால், சோறு வருகிறதாக்கும் என்று குடல் ஏமாந்து எழுந்துகொள்ளுமாம். அதற்குச் சர்க்கரை போடாத சூயிங்கம் போதுமாம். கேட்டதுதான் தாமதம், கைக்காசில் வாங்கி வந்து, டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கட்டில் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். பெரிய மாட்டுத் தொழுவம் மாதிரி வார்டே அசை போட்டது. யாருக்கு எப்போது காற்றுப் பிரிந்தது என்று குறித்து வைத்து, கட்டுரையாக எழுதி, நர்சுகள் சங்கம் நடத்துகிற ஒரு இதழில் போட்டும்விட்டாள். அந்த இதழ் அச்சில் மட்டும் வருவது. இன்டர்நெட்டில் தலைப்பும் நாலு வரிச் சுருக்கமும்தான் இருக்கும்.

ஆண்டாயியின் தம்பி தர்மராஜ். சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடை போடுகிற இடத்தில் வேலை. அவன் பெண்டாட்டி புவனேஸ்வரி, விக்கிரமங்கலத்துக்காரி. சிறுவாச்சூர் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு நர்சிங் காலேஜில் பாடம் நடத்துகிறாள். அவள் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் கைப்பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, குளிப்பாட்டி, சோறூட்டி, அந்தப் பிள்ளை தன்னையே அம்மா என்று கூப்பிடுகிற அளவுக்கு வளர்த்தவள் நாத்தனார் ஆண்டாயி. புவனா இப்போது டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அதற்கு ஒரு கட்டுரை நல்ல பத்திரிகையில் வந்தாக வேண்டும். வந்தால் பட்டம். வராவிட்டால் இத்தனை வருஷமும் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ்ஸில் இடி வாங்கினதுதான் மிச்சம்.

புவனா எடுத்துக்கொண்டதும் சூயிங்கம்தான். ஆனால் அவள் யாருக்கும் எதையும் மெல்லக் கொடுக்கவில்லை. உலகத்தில் எந்தெந்த ஊரில் எந்தெந்த நர்சு, டாக்டர், சிசேரியன் ஆன பெண்களுக்கு சூயிங்கம் கொடுத்துப் பார்த்தார்களோ, அந்த ஆராய்ச்சியையெல்லாம் ஒன்று விடாமல் தேடிப் பிடித்து, சலித்து, ஒன்றாக வைத்துப் பார்த்து, மென்றால் பலன் உண்டா இல்லையா என்று சொல்கிற வேலை. அதற்குப் பேர் சிஸ்டமேடிக் ரிவியூ.

சங்கதி ஆண்டாயி காதுக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு வந்துவிட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு. நடுவில் கட்டுரை.

"எடுத்துக்கம்மா. நல்ல காரியத்துக்குக் குடுக்குறத வெறுங்கையா குடுக்கக் கூடாது."

புவனா கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாள். செந்துறைப் பிரிவு வருவதற்குள் வியர்த்துவிட்டது.

கட்டுரையில் எல்லாரும் மென்றிருந்தார்கள். மெல்லாதவள் ஒருத்திகூட இல்லை. சீக்கிரம் காற்றுப் பிரிந்தது என்று எழுதியிருந்தது. எதைவிடச் சீக்கிரம்? பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விட்டால்தானே தெரியும்? வேலை ஆரம்பிக்கும் முன்னமே புவனா எழுதி வைத்த விதி அது: மென்றவர்களும் மெல்லாதவர்களும் இரண்டு பக்கமும் இருக்கிற ஆராய்ச்சியை மட்டும்தான் சேர்ப்பது. அண்ணியின் கட்டுரையைச் சேர்க்க வழியில்லை.

சேர்க்காமல் விட்டால் விட்டதோடு போகாது. இந்த மாதிரி ரிவியூ எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருக்கிறது, பிரிஸ்மா என்று. சோறு வடித்துக் காட்டினால் மட்டும் அது ஒத்துக்கொள்ளாது. அரிசி எந்தெந்தக் கடையில் தேடினாய்? யார் கல் பொறுக்கினது, ஒருத்தியா இரண்டு பேரா? பொறுக்கிப் போட்டதெல்லாம் கல்தானா, உனக்குப் பிடிக்காத அரிசியையும் சேர்த்துப் போட்டாயா? எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும். சேர்க்கலாம் போலத் தெரிந்து, பிறகு தள்ளின கட்டுரை எதுவோ, அதைப் பேர் சொல்லி, இன்ன காரணத்தால் தள்ளினேன் என்று எழுத வேண்டும்.

எந்த வாயால் எழுதுவாள்? பிள்ளை வளர்த்துக் கொடுத்தவளை, தட்டில் வைத்துக் கொடுத்தவளை, ஆராய்ச்சி சரியில்லை என்று ஊரறிய அச்சில் போடுவதா?

அப்போது புவனாவுக்கு செல்லப்பன் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

செல்லப்பன், ஆண்டாயிக்கும் தர்மராஜுக்கும் சித்தப்பா முறை. நல்ல மனிதர்தான், மைக்கைக் காணாத வரைக்கும். கல்யாண வீட்டில் மைக் கையில் சிக்கினால் மாப்பிள்ளையின் பாட்டன் எந்தக் கிணறு வெட்டினார் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். முகூர்த்த நேரம் தாண்டினாலும் கிணறு முடியாது. அதனால் எந்த விசேஷத்துக்கும் அவருக்குப் பத்திரிகை வைப்பதில்லை. ஆனால் அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பிறகு எங்காவது பார்த்தால், "தபால்ல போட்டமே சித்தப்பா, வரலியா?" என்பார்கள். "வரலியேப்பா" என்பார் அவர். இரண்டு பேரும் சேர்ந்து தபால்காரரைத் திட்டுவார்கள். பொய் என்று இரண்டு பக்கமும் தெரியும். மரியாதை கெடாது. இந்த ஊரில் உறவு ஓடுகிறதே, அப்படித்தான் ஓடுகிறது.

புவனாவும் அதையே செய்தாள். தள்ளின கட்டுரைகளின் அட்டவணையில், கே. ஆண்டாயி, அரியலூர் என்ற பேருக்கு நேரே எழுதினாள்: 'முழுக் கட்டுரை கிடைக்கவில்லை.'

எழுதியதும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு ஜன்னலோர சீட்டும் கிடைத்தது.

அவளோடு சேர்ந்து வேலை பார்த்தவள் ருமைசா. லப்பைக்குடிக்காட்டுப் பெண், மாப்பிள்ளை துபாயில். அதே காலேஜில் பாடம் நடத்துகிறவள். கட்டுரைகளைச் சலிப்பது இரண்டு பேராக இருக்க வேண்டும், ஒருத்தி பார்ப்பதை ஒருத்தி பார்க்கக் கூடாது, கடைசியில்தான் ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ருமைசா அதை எப்படிப் பிடித்துக்கொண்டாள் தெரியுமா? ஸ்டாஃப் ரூமில் இரண்டு மேசைக்கு நடுவில் அட்டைப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "புவனாக்கா, எட்டிப் பாத்தீங்க, அல்லா மேல ஆணையா நான் மொதல்லேருந்து ஆரம்பிப்பேன்" என்பாள். பக்கத்து மேசைக்காரர்கள், இரண்டு பேருக்கும் சண்டையாக்கும் என்று சமாதானம் பேச வந்தார்கள்.

ருமைசாவுக்கு ஆண்டாயியைத் தெரியாது. புவனா எப்போதும் "எங்க அண்ணி, எங்க அண்ணி" என்பாளே தவிர, பேரைச் சொன்னதில்லை. அண்ணியைப் பேர் சொல்வது மரியாதை இல்லையே.

கட்டுரை பத்திரிகைக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நன்றாக இருக்கிறது, போடலாம், ஆனால் பிரிஸ்மா வழிகாட்டியின் செக்லிஸ்டை முழுதாக நிரப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: ஒரு கட்டுரை கிடைக்கவில்லை என்கிறீர்கள், கிடைக்க என்ன முயற்சி எடுத்தீர்கள்?

புவனா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்கா மூஞ்சி இப்படிப் போவுது? இது ஒரு கஷ்டமா?" என்றாள் ருமைசா. "ஆதர் யாரு, இந்தா இருக்காங்க, கே. ஆண்டாயி, அரியலூர். நம்ம ஊருதான். மெயில் அட்ரஸ் சுருக்கத்துலயே இருக்கு. அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான். உங்க பேரையும் சேத்துதான் போட்டிருக்கேன்."

மெயிலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மதிப்பிற்குரிய ஆண்டாயி அவர்களுக்கு, தங்கள் கட்டுரையைப் பல இடங்களில் தேடியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பிரதி அனுப்பி உதவ வேண்டுகிறோம். இப்படிக்கு, ருமைசா, புவனேஸ்வரி தர்மராஜ்.

அன்று சாயங்காலம் ஆண்டாயி தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உங்க வூட்டுல எலி இருக்கா?"

"எலியா? இல்லியேக்கா."

"கரையான்?"

"புது வூடுக்கா. கரையான் எங்க வரும்?"

"அப்ப என் கட்டுரை எங்கடா போச்சு?"

தர்மராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரி எடையில் சுண்ணாம்புக்கல் குறைந்தால் கேள்வி கேட்பார்கள். கட்டுரை குறைந்தால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த புவனாவிடம் சொன்னான்: "அக்கா எலி இருக்கான்னு கேட்டுச்சு. கரையான் இருக்கான்னும் கேட்டுச்சு. நீ எதும் சொன்னியா?"

புவனா நடந்ததைச் சொன்னாள். தர்மராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கெடைக்கலன்னா எழுதுன? அக்காவப் பத்தியா? அதுக்கு நீ நேரா திட்டியே எழுதியிருக்கலாமே புள்ள."

"திட்ட வாய் வரலீங்க."

"இனிமே அக்காவுக்கு வாய் வரும் பாரு."

மறுநாள் பத்து மணி பஸ்ஸில் ஆண்டாயி காலேஜுக்கே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை. பை நிறைய ஜெராக்ஸ். வாசலில் வாட்ச்மேனுக்கு ஒன்று கொடுத்தாள். ஆபீஸில் ஒன்று கொடுத்தாள். ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்து, அட்சதை கொடுக்கிற மாதிரி மேசைக்கு மேசை வைத்துக்கொண்டே வந்தாள்.

"இந்தாங்க, கெடைக்காத கட்டுரை. எல்லாரும் பத்திரமா வச்சுக்குங்க. மறுபடி கெடைக்காமப் போயிடப் போவுது."

ருமைசா எழுந்து நின்றாள். "ஆண்டாயி மேடமா? வாங்க வாங்க. மெயில்ல அனுப்பியிருந்தா போதுமே. நேர்ல வந்துட்டீங்களே, ரொம்ப நன்றி மேடம்!"

"நன்றிய அவகிட்ட சொல்லும்மா. அவகிட்ட வெத்தல பாக்கோட குடுத்தேன்."

ருமைசா அட்டைப் பெட்டிக்கு மேலாக எட்டிப் புவனாவைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"புவனாக்கா... இவங்கதான் உங்க அண்ணியா?"

புவனா தலையை ஆட்டினாள். மூன்றாம் கட்டில் பெண் மாதிரி இழுத்து மூடிக்கொள்ளப் போர்வை இல்லை, அதுதான் குறை.

"அண்ணி, உக்காருங்க. நான் சொல்றேன்."

"என்னத்தச் சொல்லுவ? நல்லா இல்லன்னு சொல்லு, சண்டை போடுவேன். தப்புன்னு சொல்லு, எந்த எடத்துலன்னு கேப்பேன். கெடைக்கலன்னு சொன்னா நான் எங்கடி போயி சண்டை போடுறது? தபாலாபீசுலயா?" ஆண்டாயியின் குரல் வார்டுக்குப் பழகின குரல், அடுத்த கட்டிடத்தில் பாடம் நின்றுபோனது. "நான் என்ன செல்லப்பன் சித்தப்பாவாடி உனக்கு?"

அந்த ஒரு கேள்வியில் புவனாவுக்கு அழுகை வந்துவிட்டது. மரியாதைக்குச் செய்தது, பத்திரிகை வைக்காத கதையாகிவிட்டதே.

"கட்டுரை கெடைச்சுது அண்ணி. படிச்சேன். சேக்க முடியல. ஏன்னு எழுத மனசு வரல."

"ஏன் சேக்க முடியல?"

ருமைசா நின்ற நிலையில் ஜெராக்ஸைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டுரை கையில் கிடைத்தால் அவளுக்கு வீட்டில் தீப்பிடித்தாலும் தெரியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இதுல எல்லாருக்கும் கம் குடுத்திருக்கீங்க. குடுக்காம விட்டவங்க யாராச்சும் உண்டா?"

"குடுக்காம எப்படிம்மா விடுறது?" ஆண்டாயிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "நாலாம் கட்டிலுக்காரி மென்னுக்கிட்டு இருப்பா, அஞ்சாம் கட்டிலுக்காரி அவ வாயப் பாத்துக்கிட்டு கெடக்கணுமா? எலை போட்டுட்டு ஒருத்திக்கு வடை வச்சு ஒருத்திக்கு வைக்காமப் போவியா நீ? பந்திவஞ்சனை பாவம். எங்கம்மா சொல்லிக் குடுத்தது அது."

"பாவந்தான்க்கா. ஆனா, மெல்லாம இருந்தாலும் அதே நேரத்துக்குக் காத்துப் போயிருக்குமோ என்னமோ?"

"போயிருக்காது."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இத்தன வருசமா வயித்தத் தொட்டுப் பாக்குறேன்."

"உங்களுக்குத் தெரியும்க்கா. உங்க கையத் தொட்டுப் பாக்காத ஒரு நர்சு, எங்கயோ வெளியூர்ல ஒக்காந்து இதப் படிக்கிறா. அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஆண்டாயி ஜெராக்ஸை வாங்கி, தான் எழுதினதைத் தானே ஒரு தரம் பார்த்தாள்.

"தெரியாதுதான்" என்றாள். பிறகு, "ஆனா போயிருக்காது" என்றாள்.

அதற்கு மேல் அவளை அசைக்க யாராலும் முடியாது. யாரும் முயற்சி பண்ணவுமில்லை.

"சரி, அந்தக் கம்ப்யூட்டரத் தெற புவனா. காரணத்த எழுது. நான் சொல்றேன். 'ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.' எழுதிட்டியா? அடுத்து எழுது, 'ஏனென்றால் பந்திவஞ்சனை பாவம்.'"

"அண்ணி, அது அட்டவணை. இம்புட்டு எழுத எடம் இல்லீங்க."

"வெலக்குறதுக்கு எடம் இருக்கு, ஏன்னு சொல்ல எடம் இல்லியா? காரணத்தச் சொல்லணும்னுதான உங்க கைடுலயே இருக்கு?"

ருமைசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா கேக்குறது நியாயந்தான் புவனாக்கா."

பேரம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நடந்தது. 'பாவம்' என்ற சொல்லை எடுக்க ஆண்டாயி சம்மதிக்கவில்லை. ருமைசா கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்ட பிறகு சம்மதித்தாள். கடைசியில் எழுதினது: 'ஒப்பீட்டுக் குழு இல்லை, வார்டில் இருந்த அனைவருக்கும் சூயிங்கம் கொடுக்கப்பட்டது.' எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை போனது என்று காட்டுகிற படத்தில், கிடைக்காதவை என்ற பெட்டியிலிருந்து ஒன்றைக் கழித்து, படித்துப் பார்த்து விலக்கியவை என்ற பெட்டியில் ஒன்றைக் கூட்டினாள் புவனா. பத்திரிகைக்கும் மறைக்காமல் எழுதினாள்: முதலில் தவறாகக் குறித்துவிட்டேன், கட்டுரை என்னிடம் இருந்தது, உண்மையான காரணம் இது.

"நான் கையில குடுத்தேன்ல, அது எங்க வரும்?" என்றாள் ஆண்டாயி, பையை மடித்துக்கொண்டே.

அதுவும் வந்தது. கட்டுரையின் அடியில், நன்றி சொல்கிற இடத்தில்: முழுக் கட்டுரையை நேரில் கொடுத்து உதவிய கே. ஆண்டாயி அவர்களுக்கு நன்றி.

புவனாவுக்குத் தூக்கம் கெட்டது. தவறாகக் குறித்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டவளின் கட்டுரையை யார் போடுவார்கள்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலேஜ் நிறுத்தத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பி வந்தாள். அன்றைக்குத்தான் பதில் வந்தது. திருத்தம் தெளிவாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறோம்.

கட்டுரை சொன்ன முடிவு என்ன என்று கேட்பீர்கள். மென்றால் கொஞ்சம் சீக்கிரம் காற்றுப் பிரிகிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அடித்துச் சொல்வதற்கு இன்னும் நல்ல ஆராய்ச்சி வேண்டும். அவ்வளவுதான். ஆண்டாயி அதைப் படித்துவிட்டு, "இதத்தான நானும் சொன்னேன்" என்றாள். 'ஆனால்' என்ற சொல் அவள் கண்ணில் படவில்லை.

அவள் கண்ணில் பட்டது விலக்கியவற்றின் அட்டவணை. ஆங்கில எழுத்து வரிசையில் முதல் பேரே அவளுடையது. அதை லேமினேட் செய்து வார்டில் தன் மேசைக்கு மேல் மாட்டினாள். பார்த்தவர்களிடம், "ஊர் ஊரா வந்த கட்டுரைல என்னய விலக்குனதுக்குத்தான் மொதல்ல காரணம் சொல்லியிருக்காங்க" என்பாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தை மாதம் ஆண்டாயியின் மகன் ரஞ்சித்குமாருக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கிற வேலையில் தர்மராஜும் புவனாவும் காரில் கூடப் போனார்கள். செல்லப்பன் வீட்டுத் தெரு வந்தது. தர்மராஜ் வழக்கம்போல வேகமாக ஓட்டினான்.

"நிறுத்துடா" என்றாள் ஆண்டாயி.

இறங்கி நேரே உள்ளே போனாள். புவனாவும் பயந்து பின்னால் ஓடினாள். செல்லப்பன் சட்டை போடாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"சித்தப்பா, ரஞ்சித்துக்குக் கல்யாணம். உங்களுக்குப் பத்திரிகை இல்ல."

"தபால்ல வரும்னு..."

"தபால்லயும் வராது. எப்பவுமே போட்டதில்ல. காரணம், மைக்கு."

செல்லப்பன் டிவியை அணைத்தார்.

"மைக்கா?" என்றார். "அவ்வளவுதானா? எங்க அப்பன் சொத்துத் தகராறுல உங்க அப்பனுக்கு எம் மேல கோவம்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மைக்க நான் தொட மாட்டேன் ஆத்தா. பத்திரிகைய வையி."

ஆண்டாயி பத்திரிகை வைத்தாள். வெற்றிலை பாக்கோடு, தட்டில்தான்.

கல்யாணத்தன்று செல்லப்பன் முதல் வரிசையில் வேட்டி மொடமொடக்க உட்கார்ந்திருந்தார். சொன்னால் சொன்னதுதான், மைக் பக்கமே திரும்பவில்லை. விவரம் தெரியாத ஒரு பையன், வாழ்த்துச் சொல்லுங்க ஐயா என்று மைக்கை அவர் கையிலேயே கொண்டு வந்து கொடுத்துவிட்டான். தர்மராஜ் எழுந்து நின்றுவிட்டான். சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

செல்லப்பன் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"நான் பேசக் கூடாதுன்னு என்னை விலக்கி வச்சிருக்காங்க" என்றார். "அதுக்குக் காரணம் என்னன்னா..."

சபை பெருமூச்சு விட்டது. புவனா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆண்டாயி மட்டும் நிம்மதியாகப் பந்தி இலைகளைப் பார்க்கப் போனாள்.

"காரணத்த எப்பவும் முழுசாச் சொல்லணும்" என்றார் செல்லப்பன். "அந்தக் காலத்துல எங்க பாட்டன் ஒரு கெணறு வெட்டுனாரு..."